வில்லாபுரம் பள்ளிக்கூடத்தை இடித்த விதம்

வில்லாபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த பெண்கள் நடுநிலைப் பள்ளியை மழை இடிக்கவில்லை, வெள்ளம் இடிக்கவில்லை. அதை நடத்திய நிர்வாகமே இடித்தது. அதுவும் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இடித்தது. அங்கே ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் நான். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கட்டடம் முதலில் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்டது அல்ல. மதுரையில் நூல் வியாபாரம் செய்து பெரிய ஆளான ரெங்காராம் என்ற சௌராஷ்டிரர், வில்லாபுரம் வயக்காடாக இருந்த காலத்தில் தன் குடும்பத்துக்காகக் கட்டிய தோட்ட பங்களா. முன்னால் வண்டி வந்து நிற்க ஒரு போர்டிகோ. உள்ளே நுழைந்தால் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய ஹால். பின்னால் முற்றத்தைச் சுற்றி அறைகள். கடைசிக் காலத்தில் அவர், நெசவு வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் படிக்கட்டும் என்று அதைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆரம்பத்தில் அவர்கள் சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் படித்தார்கள். பிறகு ஊர் வளர்ந்தது, எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். நான் சேர்ந்தபோது பாதிப் பேர் அவனியாபுரம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள்.

சுவர்கள் அவ்வளவு கனம். ஜன்னல் மேடையில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கலாம். சித்திரை வெயிலில் தெருவில் நடந்து வந்து ஹாலுக்குள் கால் வைத்தால் உடம்பு உடனே அடங்கும். மின்சாரம் போனால் நாங்கள் கவலைப்பட்டதே இல்லை.

தலைமை ஆசிரியை நாகமணி டீச்சர் அதே பள்ளியில் படித்தவர். குரலை உயர்த்தமாட்டார். அவர் நடந்து வரும் செருப்புச் சத்தத்துக்கே எட்டாம் வகுப்பு அமைதியாகிவிடும். தாளாளர் வெங்கடேஷ்பாபு, ரெங்காராமின் பேரன். நாகமணி டீச்சரின் கணவர் ஹரிராமுக்கு அவர் நெருங்கிய உறவு. வெங்கடேஷ்பாபுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. டீச்சரிடம் காரியம் ஆக வேண்டுமானால் தங்கள் வீட்டு மொழியில், சிரித்துக்கொண்டு பேசுவார். உத்தரவு போடும்போது தமிழுக்கு மாறிவிடுவார். சௌராஷ்டிர மொழி ஒரு வார்த்தையும் தெரியாத எனக்கே, தூரத்தில் நின்றபடி, நடப்பது கெஞ்சலா மிரட்டலா என்று புரிந்துவிடும்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் ஜூலை மாதம் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்துப் பிள்ளைகள் கருகிப் போனார்கள். அன்று தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் சோறு இறங்கவில்லை. மறுபடி பள்ளி திறந்தபோது எங்கள் வாசலில் பெற்றோர் கூட்டம். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: ஓலையை எப்போது எடுப்பீர்கள்? பின்பக்கம் இருந்த சத்துணவுச் சமையல் கொட்டகைக்கு ஓலைக் கூரை. அதை மாற்றித் தரும்படி நாகமணி டீச்சர் பல வருடங்களாகத் தாளாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர் வெங்கடேஷ்பாபு.

டீச்சர் அன்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓலையைப் பிரிக்கக் கிளம்பிவிட்டார். கூட்டத்திலிருந்து முதல் ஆளாக வந்து ஏணி போட்டவர் அழகுமலை. அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அவர் மகள் ஆர்த்திகா எங்களிடம் ஏழாம் வகுப்பு படித்தாள். வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம் அவருடையது. நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் அவரைப் பண்ணையில் மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். மகளை விட வரும்போதெல்லாம் போர்டிகோவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். வேண்டாம் என்று டீச்சர் எத்தனையோ தரம் சொல்லியும் கேட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஓலை முழுவதையும் இறக்கி, தன் பட்டறையிலிருந்து இரும்புச் சட்டம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்.

அடுத்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஓலையை எடுத்தது நல்லது, ஹாலுக்கு இன்னொரு வாசல் வையுங்கள், ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும் என்றார்கள். சுவரைத் தட்டிப் பார்த்த ஒருவர், இப்படிக் கட்டடம் இப்போது யார் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். தாளாளர் தன் செலவில் ஓர் என்ஜினீயரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் போர்டிகோவில் நின்றபடி மேலே பார்த்தார், ஹாலைச் சுற்றி ஒரு நடை நடந்தார், வாங்கி வைத்த டீயைக் குடித்தார், காரில் ஏறினார். பின்பக்க அறைகளை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம், கட்டடம் எந்த நேரமும் விழலாம் என்று அவர் சான்று கொடுத்துவிட்டதாகச் சொல்லித் தாளாளர் பெற்றோர் கூட்டம் போட்டார்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வெங்கடேஷ்பாபு கையில் ஒரு செய்தித்தாள் வைத்திருந்தார். பேசும் முன்பே அதை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளின் படம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். தாய்மார்கள் அழ ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் பேசினார். அவனியாபுரத்தைத் தாண்டி நிர்வாகத்துக்கு ஒரு காலி இடம் இருக்கிறது, அங்கே தகரக் கொட்டகை போட்டுப் பிள்ளைகளை மாற்றுவோம், பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய பிறகு திரும்பி வரலாம் என்றார்.

நாகமணி டீச்சர் எழுந்தார். எரிந்தது ஓலை, நாம் ஓலையை எடுத்துவிட்டோம், அதிகாரிகள் இந்தக் கட்டடத்தில் குறை சொல்லவில்லை என்று நிதானமாகச் சொன்னார். வெங்கடேஷ்பாபு அவர் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பெடுத்துக்கிடுவீங்களா டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள், பிள்ளைகளை மாற்றச் சம்மதம் என்று கூட்டம் முழுவதும் கை தூக்கிவிட்டது. அழகுமலையின் மனைவி செல்லக்கிளியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தூக்கினார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் என்ன செய்வார்கள்?

தகரக் கொட்டகை ஏர்போர்ட் போகும் பாதையிலிருந்து விலகி, முள்ளுக்காட்டுக்குள் இருந்தது. உண்மையில் உயிருக்கு ஆபத்தான இடம் என்றால் அதுதான். காலை முதல் பீரியடிலேயே தகரம் காய ஆரம்பித்துவிடும். மதியத்துக்கு மேல் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மழை வந்தால் நான் சொல்வது முதல் பெஞ்சுக்கே கேட்காது. விமானம் இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். கழிப்பறை கிடையாது. பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். ஆர்த்திகா ஒருநாள் கணக்குப் போட எழுந்தவள் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். எட்டாம் வகுப்பில் சில பேர் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கு வராமலே நின்றுவிட்டார்கள். முருகம்மாள் என்று ஒரு பிள்ளை, கணக்கில் புலி. ஊதுபத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்கு டீச்சரும் நானும் போய்க் கேட்டோம். கூச்சப்பட்டுக்கொண்டு அவள் அம்மா சொன்ன காரணம் கழிப்பறைதான்.

இதையெல்லாம் சொல்ல நாகமணி டீச்சர் தாளாளர் வீட்டுக்குப் பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் வீட்டு மொழியில் உபசாரம் நடந்தது, பலகாரம் வந்தது, பதில் வரவில்லை. பிறகு அவர் கணவர் மூலமாக நெருக்கினார்கள். ஹரிராம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர், பயந்த மனிதர். சொந்தத்துக்குள் பகை வேண்டாம், ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தானே என்று டீச்சரிடம் சொன்னாராம். டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது கணவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று கொண்டுவந்த டிபன் டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

பொங்கல் முடிந்து, பழைய பள்ளியின் மதில்மேல் ஒரு பெரிய பேனர் ஏறியது. புதிய பள்ளிக் கட்டடம் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. குளிர்சாதன வசதியுடன் திருமண மஹால், விரைவில் என்று போட்டு, மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடியின் படமும் இருந்தது. ஒளிவுமறைவு என்று ஒன்று வேண்டாமா? யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர். தேக்குத் தூண்களை அதற்குள் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். வாடிப்பட்டி ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ரிசார்ட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் பழைய காலத்து வீட்டில் தங்கிய சந்தோஷத்தில் அந்தத் தூண்களில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுப்பார்கள். அவற்றில் சாய்ந்து வாய்ப்பாடு படித்த பிள்ளைகள் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள்.

இடிப்பு தொடங்கிய அன்று எங்களுக்குத் தெரியாது. தெரியவந்தது அழகுமலையின் பட்டறை வழியாக.

மருது என்ற ஜே.சி.பி. டிரைவர், மண் அள்ளும் வாளியின் முனையில் இருக்கும் இரும்புப் பல் உடைந்துவிட்டது என்று பற்றவைக்க அவரிடம் கொண்டுவந்தான். முதல் நாள் ஒரு பல், மறுநாள் இன்னும் இரண்டு. அழகுமலைக்கு ஆச்சரியம். எங்கேயாவது மலையை உடைக்கிறாயா மாப்ள என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்.

"மலையா இருந்தாக்கூட விட்டுக் குடுக்கும்ணே," என்றான் மருது. "வில்லாபுரத்துல அந்தப் பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம். தொட்டா விழுந்துரும், தள்ளி நின்னு இடின்னு சொன்னாங்க. போர்டிகோவ மட்டும் இறக்குறதுக்குள்ள வண்டி நாக்குத் தள்ளிருச்சு. சுண்ணாம்பா அது, இரும்பு. அந்தச் செவரு இன்னும் நூறு வருசத்துக்கு நிக்கும்ணே."

கடைசிப் பல்லையும் பொருத்தி முடித்திருந்த அழகுமலை வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினாராம். பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியில் நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார். வெயிலில் அவர் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. டீச்சரிடம் மருது சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு, "விழப்போற கட்டடம் இப்படித்தான் மிசினோட பல்ல ஒடைக்குமா டீச்சர்?" என்று கேட்டார்.

நாகமணி டீச்சர் வில்லாபுரத்துக்குக் கிளம்பினார். என்னிடம் ஆறாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேலை நேரத்தில் பள்ளியை விட்டு அவர் வெளியே போனதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகளை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது போர்டிகோ இல்லை. ஹாலின் முன்சுவரும் இல்லை. வெட்டிய பழம்போல உள்பக்கம் தெரிந்தது. சுவரின் உட்புறம் அப்போதும் பளபளவென்று மங்காமல் இருந்தது. டீச்சர் இடிபாட்டுக்குள் ஏறி ஹாலின் நடுவில் நின்றார். அழகுமலையும் செல்லக்கிளியும் பக்கத்தில் நின்றார்கள். சேதி பரவி, தெருவிலிருந்தும் அவனியாபுரத்திலிருந்தும் அம்மாக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கல்லும் மண்ணுமாகக் கிடந்த தரையில் உட்கார்ந்தார்கள்.

வெங்கடேஷ்பாபு காரில் வந்து இறங்கினார். நேராக டீச்சரிடம் போய், தாழ்ந்த குரலில், வீட்டு மொழியில் ஏதோ பேசினார். டீச்சர் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

"தமிழ்ல சொல்லுங்க. இவங்களுக்கும் தெரியணும்."

அவர் முகம் மாறியது. "சொல்றதுக்கு என்ன இருக்கு? எங்க தாத்தா கட்டின வீடு. நான் இடிக்கிறேன்."

"தாத்தா இதை உங்களுக்கு எழுதி வைக்கலையே. பிள்ளைகளுக்குல்ல எழுதி வச்சாரு."

அதற்கு அவர், வேலை நேரத்தில் பள்ளியை விட்டு வந்ததற்கு உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். சட்டம், விதி என்று என்னவோ அடுக்கினார். அப்போது செல்லக்கிளி எழுந்தார். வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவர். அதுவரை பள்ளிக்கூடத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அந்தப் படத்தக் காமிச்சு எங்கள அழ வச்சீங்க சார். நானும் கை தூக்குனேன். அது யார் யாரோ பெத்த பிள்ளைக. எரிஞ்சு செத்த பிள்ளைக. அதுகளக் காமிச்சு எங்க பிள்ளைகள வெரட்டிட்டு, கல்யாண மண்டபம் கட்டப் பாக்குறீங்க. ஒங்களுக்கு மனசு கூசலையா?"

வெங்கடேஷ்பாபு அவரைப் பார்க்கவே இல்லை. திரும்பி, மருதுவிடம் வண்டியை எடு என்றார். மருது ஏறவில்லை. பற்றவைத்த பல் இன்னும் சரியாக உட்காரவில்லை, வண்டி ஓடாது என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலையிலேயே அழகுமலை அதைக் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் வரை அம்மாக்கள் அந்த இடத்தை விட்டு எழவில்லை. போலீஸ் வந்தது. கோட்டாட்சியர் வந்தார். பேனரைப் படித்தார், சுவரைப் பார்த்தார், இடிப்பை நிறுத்தச் சொன்னார். பிறகு அரசாங்க என்ஜினீயர்கள் வந்து உண்மையிலேயே சோதித்தார்கள். பின்பக்க அறைகளில் ஒரு விரிசல்கூட இல்லை என்றார்கள். முன்பக்கத்திலும் இருந்திருக்காதுதான். ஆனால் அதைச் சோதிக்க முன்பக்கம் இல்லையே.

நியாயம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நடந்ததைச் சொல்கிறேன். பொய்ச் சான்று கொடுத்த என்ஜினீயர் தொடர்ந்து சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். போன தூண்கள் போனதுதான். மண்டபம் மட்டும் வரவில்லை. அதற்கு ஈடாக நாகமணி டீச்சரைத் தாளாளர் சஸ்பெண்ட் செய்தார். காரணம், பணி நேரத்தில் பள்ளியை விட்டு வெளியேறியது, பெற்றோரைத் தூண்டிவிட்டது. அந்த மாதங்களில் டீச்சர் காலையில் வழக்கம்போல் புறப்பட்டு, கொட்டகைக்கு வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போவார். ஹரிராம் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு அவர்கூட வந்து நின்றார். அதன் பிறகு அவரும் தினமும் வந்தார். சொந்தக்காரர்களில் சிலர் அவர் கடையில் சேலை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பெற்றோர்கள் கல்வி அலுவலகத்துக்கு விடாமல் நடந்ததில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது டீச்சரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பின்பக்க அறைகளுக்குத்தான் திரும்பினோம். முன்னால் ஹால் இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. பாதிக் கட்டடத்துக்குள் முழுப் பள்ளிக்கூடத்தையும் நெருக்கி வைத்தோம். இருந்தும் முதல் நாள் அந்த அறைகளுக்குள் போனதும் பிள்ளைகள் சுவரில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று காலையே திறப்பு விழா என்று அந்த வெறும் தரையில் மேடை போட்டிருந்தார்கள். தலைமை வெங்கடேஷ்பாபு. நாகமணி டீச்சருக்கு மேடையில் நாற்காலி இல்லை. கடைசி வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். அழகுமலைக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

வெங்கடேஷ்பாபு மைக்கைப் பிடித்தார். பாரம்பரியம் என்ற சொல்லை அன்றுபோல் நான் எப்போதும் வெறுத்ததில்லை. இந்தப் பாரம்பரியக் கட்டடத்தைப் பாதுகாப்பது எங்கள் குடும்பத்தின் கடமை என்றார். எத்தனையோ இடையூறுகளுக்கு நடுவில் இதைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றார். தாத்தாவின் ஆன்மா மகிழும் என்றார். முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவர் ரெங்காராமின் பெருமைகளுக்குள் இறங்கினார். பேச்சு முடிகிற வழியாகத் தெரியவில்லை.

நாகமணி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து, நாற்காலிகளின் ஓரமாக நடந்து, முற்றத்தில் தொங்கிய மணியை அடித்தார். பள்ளி தொடங்கும் மணி. அவசரமில்லாமல், வழக்கமாக அடிக்கும் அளவுக்கு அடித்தார்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஒருத்தியும் மேடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையாக வகுப்புகளுக்குள் போனார்கள். டீச்சர்கள் நாங்களும் எழுந்தோம். பெற்றோர்கள் எழுந்து மடக்கு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். வெங்கடேஷ்பாபு மைக்கில் ஒருதரம், "ஒரு நிமிஷம்" என்றார். பிறகு மைக்கை வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

விழா நடந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அந்த வாரமே நிர்வாகத்திலிருந்து டீச்சருக்கு மெமோ வந்தது. ஆசிரியர் அறையில் எங்கள் முன்னால் உட்கார்ந்து அவர் பதில் எழுதினார். ஒரே வரி. பள்ளி தொடங்கும் நேரம் ஆகிவிட்டது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனார்.